அஸ்கலேயின் போனுக்கு எத்தனை மணி?

அந்தப் போனில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று போனோடு பிறந்தது. மற்றது மூன்று வாரத்துக்கு முன் அவள் வண்டி ஓட்டும் கம்பெனி ஏற்றிக் கொடுத்தது. போனோடு பிறந்த வரைபடத்தைத் திறந்தால் ஒரு நீலப் புள்ளி வரும். அடிஸ் அபாபாவின் சரிஸ் பகுதியில், அவளும் நானும் குடியிருக்கும் வளவின் தகரக் கதவுக்கு முன்னால் நிற்கும் அவளுடைய வெள்ளைக் காரின் மேல் அச்சாகப் போய் உட்காரும். கம்பெனியின் வழிகாட்டிச் செயலியைத் திறந்தால் புள்ளி வராது. "செயற்கைக்கோளுக்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு வரி மட்டும் வரும். ஒரே போன், ஒரே வானம். அக்காளுக்குக் கண் தெரிகிறது, தங்கைக்குத் தெரியவில்லை.

"காத்திரு. நல்லாக் காத்திரு," என்பாள் அஸ்கலே, ஸ்டியரிங்கில் உள்ளங்கையால் ஓர் அடி போட்டபடி. "நான் பெட்ரோல் வரிசையில காத்திருக்கலையா? எண்ணெய் வரிசையில காத்திருக்கலையா? நீ மட்டும் என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா?"

சிறுநீரகம் கெட்டவர்களை வீட்டிலிருந்து ஏற்றி, ரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்தில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. கார் அவளுடையது. நோயாளிகளைத் தருவது கம்பெனி. கம்பெனி அலுவலகத்துச் சுவரில் பெரிய திரை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டுநரும் அதில் ஒரு புள்ளி. புள்ளி தெரியாத வண்டி ஓடினாலும் ஓடாத வண்டிதான். அஸ்கலே மூன்று வாரமாக ஓடிக்கொண்டே ஓடாமல் இருந்தாள்.

கடைசியில் மேலாளர் பெரெகெத் கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை புள்ளி தெரிய வேண்டும். இல்லையென்றால் கம்பெனி விற்கும் போனை வாங்கிக்கொள்ள வேண்டும், விலையை மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் சம்மதம் இல்லை என்றால் அவளுடைய நோயாளிகள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள்.

அவளுடைய போனை பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்யும் தங்கை அனுப்பியிருந்தாள். ஒரு கீறல் இல்லை. "நல்லாத் தெரியுற கண்ணைப் பிடுங்கிப் போட்டுட்டு இவங்ககிட்ட கண்ணாடிக் கண்ணு வாங்கணுமாம்," என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு இந்த நகரத்தில் பதில் கிடைப்பது பெட்ரோல் கிடைப்பதைவிட அரிது.

அஸ்கலேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளம் வயதில் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவள். ஓட்டுநர்கள் சாப்பிடப் போகும் இடைவேளையில் பேருந்தைப் பின்னால் எடுத்து முன்னால் எடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். சீட்டுப் பிடித்து ஒரு பழைய லாடா கார் வாங்கினாள். நீலமும் வெள்ளையும் பூசிய அந்த டாக்சியை நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்ட முதல் நாள் ஆண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்களாம். "லாடாவுல பொம்பளை உக்காந்துட்டா, சாமிதான் காப்பாத்தணும்" என்று ஒருவன் சொல்ல, "சாமி முன்சீட்டுல ஏறட்டும், ஆனா காசு குடுக்கணும்" என்றாளாம். அந்த நிறுத்தத்தில் அவளுக்குக் கடைசிவரை "காசு குடுக்கணும்" என்றுதான் பெயர்.

தெருப்பெயர் சொல்லி இந்த நகரத்தில் யாரும் எங்கும் போனதில்லை. பேக்கரிக்கு எதிரே, நீலக் கதவுத் தையல்கடைக்குப் பின்னே, பெரிய யூகலிப்டஸ் மரத்தின் இடப்பக்கம். அந்த வரைபடம் முழுவதும் அஸ்கலேயின் தலைக்குள் இருந்தது. பிறகு சாலைகளை அகலமாக்கினார்கள். பேக்கரி போனது, தையல்கடை போனது, மரமும் போனது. அங்கே வாழ்ந்தவர்களை நகரத்தின் ஓரத்தில் ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும் அடுக்குக் கட்டடங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். கேட்கவேண்டியவர்கள் எவரும் அவர்களைக் கேட்கவில்லை. மனிதர்கள் இன்னமும் "பேக்கரி இருந்த எடத்துக்கு எதிர்ல" என்றுதான் வழி சொல்கிறார்கள்.

"இல்லாத பேக்கரிக்கு எதிர்ல நான் எப்படித் திரும்புறது?" என்பாள் அஸ்கலே. அதனால்தான் அவளுக்கு அந்தச் செயலி தேவைப்பட்டது. நெட் இல்லாத நாளிலும் வழி காட்டும் என்பதால் கம்பெனி அதைத் தேர்ந்தெடுத்தது. அதில் தவறு இல்லை. நெட் இல்லாத நாட்கள் எங்களுக்கு நிறைய.

அவளுடைய நோயாளிகளில் மூத்தவர் காஷே மெக்கூரியா. காஷே என்றால் பெரியவருக்கு நாங்கள் தரும் மரியாதை. ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். உடம்பில் ரத்தத்தைத் தவிர எல்லாம் சுத்தம் என்று தன்னைப் பற்றிச் சொல்வார். அவரால்தான், சரியாகச் சொன்னால் அவருக்கு நேர்ந்த ஒரு விபரீதத்தால்தான், இந்தப் போன் கதையே தொடங்கியது.

எங்கள் மணி சூரியனோடு எழுந்திருக்கும். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் எங்களுக்கு மணி ஒன்று. விடியலிலிருந்து நாழிகை எண்ணிய தமிழர்களுக்கு இதில் வியப்பென்ன இருக்க முடியும்? நள்ளிரவில் நாளைத் தொடங்கி, எல்லோரும் குறட்டை விடும்போது புதுநாள் பிறந்ததாகச் சொல்வதுதான் உண்மையில் விசித்திரம். ஆனால் அந்த நிலையத்தின் இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று அவை அச்சடிக்கும் அட்டையில் வெளிநாட்டு மணிதான் வரும். பல மாதங்களுக்கு முன் காஷேயின் அட்டையில் எட்டு மணி என்று இருந்தது. அஸ்கலே எங்கள் எட்டு மணிக்கு, அதாவது மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல், போனாள். காஷேயும் எங்கள் எட்டு மணிக்குத்தான் கோட்டுப் போட்டுத் தயாராக இருந்தார். இயந்திரம் காலையிலேயே வேறொருவருக்குப் போயிருந்தது. அடுத்த முறை வரும்வரை அவர் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே கிடந்தார்.

அதற்குப் பிறகு அஸ்கலே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தலை, கை, போன் மூன்றிலும் ஒரே மணிதான் இருக்க வேண்டும். நிலையத்தில் அட்டையை நீட்டுவார்கள். அவள் அட்டையைப் பார்க்க மாட்டாள். நர்ஸிடம், "அந்த நேரத்துக்கு சூரியன் எங்க நிக்கும், தங்கச்சி?" என்று கேட்பாள். நர்ஸ் ஜன்னலைக் காட்டுவாள். அஸ்கலே எங்கள் மணியில் அலாரம் வைப்பாள். அன்றிலிருந்து ஒரு முறைகூட அவள் பிந்தவில்லை.

இப்போது புள்ளிக்கு வருவோம்.

முதலில் அவள் அலுவலகத்துக்குப் போனாள். பெரெகெத் போனை வாங்கித் திருப்பி, முதுகில் இருந்த பெயரை மட்டும் பார்த்தார்.

"எத்தியே," என்றார். எத்தியே என்றால் அக்கா. முறைக்குக் குறைவில்லாமல் அழைத்துத்தான் கழுத்தை அறுப்பார்கள். "இது பெய்ரூட் சரக்கு. உள்ள இருக்கிற ஜி.பி.எஸ். மட்டம்."

"மட்டம்னா இந்த மேப்புல மட்டும் எப்படி ஒழுங்காக் காட்டுது?"

"அது வேற."

"வேறன்னா?"

"அது வேற, இது வேற எத்தியே. நம்ம போன்னா பிரச்சினையே வராது. கையெழுத்துப் போட்டா இன்னிக்கே எடுத்துட்டுப் போகலாம்."

அது வேற, இது வேற. உலகத்து அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மந்திரம் இது. ஆராயாமல் தீர்ப்புச் சொல்கிறவன் கழுத்தில் டை கட்டியிருந்தால் அது தொழில்நுட்பம் ஆகிவிடுகிறது. இதே வார்த்தையை நம்பிப் போனை வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். வாங்க மறுத்த குதேத்தா என்ற ஓட்டுநரைப் போன மாதமே நீக்கியிருந்தார்கள்.

அடுத்து அவள் மெர்க்காட்டோ சந்தையில் போன் பழுதுபார்க்கும் நூரெதினிடம் போனாள். கட்டிலளவுக் கடை. சுவர் முழுக்க வெள்ளையும் வெளிர்நீலமும் கோடு போட்ட அர்ஜென்டினாப் பந்தாட்டச் சட்டைகள். அவன் போனை முழுக்கத் துடைத்து, புதிதுபோல் ஆக்கி, செயலியை மறுபடி ஏற்றினான். புள்ளி பளிச்சென்று வந்தது. அஸ்கலே அவன் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டு வந்தாள். மறுநாள் காலை எங்கள் வாசலில் செயலியைத் திறந்தாள். காத்திருக்கிறது.

மறுபடி மெர்க்காட்டோ. மறுபடி துடைப்பு. அங்கே புள்ளி வந்தது, இங்கே செத்தது.

"எத்தியே, உங்க வீட்டுக் கூரை தகரமா?" என்று நூரெதின் போனில் கேட்டான்.

"உன் கடைக் கூரை என்ன, பட்டா?"

"அப்ப ஏரியா சரியில்ல."

"ஏரியாவா? நான் காரை மெகனானியா வரைக்கும் ஓட்டிட்டுப் போய்ப் பாத்துட்டேன்டா. அங்கேயும் காத்துக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கும் எனக்கும் கல்யாணமே ஆயிடும் போல."

எங்கள் வளவின் உரிமையாளர் ஸிகே அம்மாளுக்குக் காரணம் முதலிலேயே தெரிந்திருந்தது. கண்ணேறு. பெய்ரூட் போனைப் பார்த்து யாரோ பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். நான் பின் அறையில் குடியிருப்பவன். வாடகை தருகிறேன் என்பதால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை.

"கண்ணு பட்டா ரெண்டு மேப்பும்ல சாகணும்? ஒரு மேப்பை மட்டும் பொறுக்கி எடுத்துத் தாக்குற கண்ணு எந்த ஊர்க் கண்ணு?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?" என்றார் அவர். "ஆயிரம் புஸ்தகம் படிச்ச, ஒரு புள்ளியக் கொண்டுவர முடிஞ்சுதா?"

அந்த அடி வலித்தது, ஒத்துக்கொள்கிறேன். அன்று சாயங்காலம் அஸ்கலே கை கழுவப் போன நேரத்தில் ஸிகே அம்மாள் தேவாலயத்துத் தீர்த்தத்தைப் போன்மீது தெளித்துவிட்டார். தீர்த்தம் ஒலித்துளைக்குள் இறங்கி, மறுநாள் முழுதும் அந்தப் போன் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசியது. "வலப்பக்கம் திரும்பவும்" என்பது கொப்பளிப்பதுபோல் கேட்டது. போனோடு பிறந்த வரைபடம்தான் பேசியது. கம்பெனிச் செயலி வாயே திறக்கவில்லை. தீர்த்தத்தாலும் அதைத் திறக்க முடியவில்லை.

எனக்கு எரிச்சல் ஸிகே அம்மாள் மீது இல்லை. அவர் ரயிலையும் விமானத்தையும் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்தவர். பெரெகெத்துக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் என் எரிச்சல். ஒருவர் கண்ணேறு என்கிறார், ஒருவர் மட்டச் சரக்கு என்கிறார். இரண்டு பேருமே சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவர் கேட்பது ஒரு மெழுகுவர்த்தி. மற்றவர் கேட்பது இரண்டு வருடச் சம்பளப் பிடித்தம்.

சனிக்கிழமை அஸ்கலே மூன்றாம் முறையாக மெர்க்காட்டோவுக்குப் புறப்பட்டாள். நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

நூரெதின் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினான். "எத்தியே, இந்தப் போனை நான் துடைச்ச மாதிரி எங்க வீட்டுத் தரையக்கூட துடைச்சதில்ல."

"இந்தத் தடவை நான் இங்கேயே உக்காரப்போறேன். அது சாகுற வரைக்கும் நகர மாட்டேன்."

"இங்க சாகாது எத்தியே! அதானே பிரச்சினை!"

அவன் துடைத்தான். ஏற்றினான். புள்ளி வந்து சந்தையின் நடுவில் நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களைப் போல.

நான் அஸ்கலேயிடம் கேட்டேன்: "இங்கேருந்து கெளம்பி வீட்டுக்குப் போற வரைக்கும் இந்தப் போனை என்னென்ன பண்ணுவ? ஒண்ணு விடாம சொல்லு."

"என்ன பண்ணுவேன்? பையில போடுவேன். கார்ல மாட்டுவேன். வீட்டுக்கு வந்து சார்ஜ் போடுவேன்."

"அவ்வளவுதானா?"

"தங்கச்சிக்குப் பேசுவேன். மணியைச் சரி பண்ணுவேன். அலாரம்..."

"என்ன சரி பண்ணுவ?"

"மணியை. இவன் துடைச்சா அது வெளிநாட்டு மணிக்குப் போயிடுது. அதை நம்ம மணிக்கு வைப்பேன். செருப்புல மண்ணு ஒட்டினா தட்ட மாட்டோமா, அந்த மாதிரி."

"இப்ப வை."

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அமைப்புகளுக்குள் போனாள். தானாக மணி வைக்கும் பொத்தானை அணைத்தாள். கையால் ஆறு மணி நேரம் பின்னால் தள்ளினாள். செயலிக்குத் திரும்பினாள்.

புள்ளி இல்லை. காத்திருக்கிறது.

நூரெதின் போனைப் பிடுங்கி மணியைப் பழையபடி வைத்தான். புள்ளி வந்தது. மாற்றினான். போனது. வைத்தான். வந்தது. பிறகு கடையின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தியே," என்றான் மெதுவாக. "மூணு வாரம்."

காரணம் எளிமையானது. வானிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியிலும் மணி எழுதியிருக்கும். கம்பெனிச் செயலி அதைப் போனின் மணியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். போன் ஆறு மணி நேரம் பின்னால் இருந்ததால், வந்த செய்தியெல்லாம் இனிமேல்தான் நடக்கவேண்டியவை என்று அதற்குத் தோன்றியது. எதிர்காலத்திலிருந்து வரும் செய்தி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தள்ளிவிட்டு, மெய்யான செய்திக்காகக் காத்திருந்தது. போனோடு பிறந்த வரைபடம் மணி பார்ப்பதில்லை. அதனால் அது ஏமாறவும் இல்லை. நல்லவேளை, அஸ்கலே வருடத்தைத் தொடவில்லை. எங்கள் நாட்காட்டி வெளிநாட்டு நாட்காட்டிக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் நடக்கிறது; அந்த வருடத்தையும் வைத்திருந்தால் செயலி ஏழெட்டு ஆண்டு காத்திருந்திருக்கும்.

ஏமாறாமல் இருக்கப் பார்த்தது தவறில்லை. "உன் மணியும் வானத்து மணியும் ஒத்துப்போகவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே! அந்த ஒரு வரி எழுதாததால் ஒரு மனிதன் வேலை இழந்தான், ஏழெட்டுப் பேர் கடன்பட்டார்கள், ஒரு போன் தீர்த்தம் குடித்தது. செயலியை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு நாடு இருப்பதே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கி இங்கே விற்றவர்கள் இங்கேயே பிறந்தவர்கள் அல்லவா? வீட்டில் அவர்கள் எந்த மணிக்குச் சாப்பிடுகிறார்கள்?

"சரி, முடிஞ்சுது," என்றான் நூரெதின். "வெளிநாட்டு மணியிலயே விட்டுடுங்க. மனசுக்குள்ள ஆறு கழிச்சுக்குங்க. எல்லாரும் அப்படித்தான பண்றாங்க?"

"கழிக்க மாட்டேன்."

"எத்தியே, ஆறு! சின்னப் புள்ளைகூடக் கழிக்கும்."

"சின்னப் புள்ளை தப்பாக் கழிச்சா வாத்தியார் குட்டுவாரு. நான் தப்பாக் கழிச்சா காஷே மெக்கூரியாவுக்கு மூச்சு நிக்கும். ஒரு தடவை பாத்துட்டேன்டா. நாற்காலியில உக்காந்துக்கிட்டு, மீனு மாதிரி வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு, என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. 'பரவால்ல அஸ்கலே, அட்டைதான் பொய் சொல்லிச்சு'ங்கிறாரு. என் போன்ல ரெண்டு மணி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப புள்ளி வராது."

"அப்ப நான் வேலைக்குப் போகல."

அவள் எழுந்துவிட்டாள். திங்கட்கிழமைக் கெடுவை அவள் அந்தக் கடையிலேயே போட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தாள் என்பது அவள் பையை மாட்டிய விதத்திலேயே தெரிந்தது. எனக்கு வாய்க்கு வந்த வார்த்தைகள் எதுவும் எழுதத் தக்கவை அல்ல. காரணம் கண்டுபிடித்தாயிற்று, ஆனாலும் வழி இல்லை. ஒன்று, நோயாளியைக் கொல்லக்கூடிய மணி. இன்னொன்று, வேலையைக் கொல்லும் மணி.

நூரெதின் தரையிலிருந்து எழவில்லை. போனை வைத்துக்கொண்டு அமைப்புகளில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். ஊர்ப் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று ஓடியது. திடீரென்று நிறுத்தினான்.

"எத்தியே, உக்காருங்க."

"ஏன்?"

"எங்க டீம் ஆட்டம் நான் எப்படிப் பாக்குறேன் தெரியுமா? அவங்க ஊர்ல ஒம்பது மணிக்கு ஆட்டம்னு போட்டிருப்பான். நான் கழிக்கிறதே இல்ல. நம்ம மணியில ஒம்பது ஆச்சுன்னா டிவி முன்னாடி உக்காருவேன். சரியா விசில் ஊதுவான். நாலு வருஷமாப் பாக்குறேன். இது ஏன்னு நான் யோசிச்சதே இல்ல."

"நீ என்ன உளர்ற?"

"புவனோஸ் ஐரெஸ் மணியும் நம்ம மணியும் ஒண்ணு எத்தியே!"

அவன் மணியைத் தொடவில்லை. ஊரை மட்டும் மாற்றினான். பட்டியலில் அடிஸ் அபாபாவை விட்டு, கடலுக்கு அப்பால் புவனோஸ் ஐரெஸைத் தொட்டான். போனின் நெற்றியில் எங்கள் மணி வந்து நின்றது. செயலியைத் திறந்தான். புள்ளி மெர்க்காட்டோவின் நடுவில், அசையாமல், நீலமாக.

போனுக்குள் நேரம் இரண்டு அடுக்காக இருக்கிறது. அடியில் உலகம் முழுமைக்கும் பொதுவான ஓர் எண்ணிக்கை ஓடுகிறது. மேலே ஊருக்கு ஊர் ஒரு சட்டை. அஸ்கலே மூன்று வாரமாகச் சட்டையை மாற்றுவதாக நினைத்து எலும்பைத் திருகிக்கொண்டிருந்தாள். இப்போது மாறியது சட்டை மட்டும். அதுவும் நூரெதினின் சுவரில் தொங்கும் சட்டை.

அஸ்கலே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று எழுதினால் பொய். "இதை மொத நாளே சொல்றதுக்கென்ன, பந்து பொறுக்கி?" என்று தோளில் ஓர் அறை விட்டாள்.

திங்கட்கிழமை அஸ்கலேயோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். முற்றத்தில் ஓட்டுநர்கள் வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரெகெத் திரையைப் பார்த்தார். அஸ்கலேயின் புள்ளி அலுவலக வாசலில் நின்றது.

"பாத்தீங்களா எத்தியே! போனை மாத்தினீங்க, சரியாயிடுச்சு."

"போனை மாத்தல. ஊரை மாத்தினேன்." அவள் நடந்ததைச் சொன்னாள். மணியைப் பின்னால் தள்ளிப் புள்ளியை மறைத்தும் காட்டினாள், திரும்ப வரவழைத்தும் காட்டினாள்.

பெரெகெத் சிரித்தார். மனிதர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். உடனே கணினியில் ஓர் அறிவிப்புத் தட்டத் தொடங்கினார். தட்டியதை உரக்கப் படித்தார்: "போனில் தவறான நேரம் வைத்திருக்கும் ஓட்டுநர்கள்..."

"நிறுத்துங்க. எது தவறான நேரம்?"

"நீங்க வச்சிருந்தது எத்தியே."

"உங்க கையைக் காட்டுங்க."

அவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டோம். சுவர்க் கடிகாரம் எட்டு காட்டியது. அவருடைய மணிக்கட்டில் மணி இரண்டு.

"உங்க கையும் தப்பா, சார்? மட்டச் சரக்கா? கழட்டிப் போட்டுட்டுக் கம்பெனி கை வாங்கிக்குங்களேன், மாசாமாசம் பிடிச்சுக்குவாங்க."

முற்றத்திலிருந்து எட்டிப் பார்த்த ஓட்டுநர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பெரெகெத் "தவறான" என்ற சொல்லை அழித்தார். அஸ்கலே நகரவில்லை.

"குதேத்தா போன்லயும் நம்ம மணிதான் இருந்துச்சு. கேட்டுட்டேன். அவனைக் கூப்பிடுங்க."

"அது மேலிடத்து முடிவு. அது வேற..."

"இது வேறன்னு மட்டும் சொல்லிடாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "புள்ளி மறையுறது எப்படின்னு இப்ப எனக்குத் தெரியும். வெளிய நிக்கிறவங்களுக்கும் தெரியும். நாளைக்குக் காலையில எல்லா வண்டியும் ஓடும், எல்லா நோயாளியும் நேரத்துக்குப் போவாங்க, ஒருத்தருக்கும் ஒரு நிமிஷம் பிந்தாது. ஆனா உங்க திரையில ஒரு புள்ளி இருக்காது. செயற்கைக்கோளுக்காக நீங்க காத்திருங்க."

பெரெகெத் திரையைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். ஓட்டுநர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தார்கள். அவர் தொலைபேசியை எடுத்து மேலிடத்துக்குப் பேசப் பக்கத்து அறைக்குப் போனார்.

குதேத்தா வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினான். போனை வாங்கியவர்களின் பிடித்தம் நிற்கவில்லை. அது வேறாம், இது வேறாம். அதைப் பற்றி ஓட்டுநர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அஸ்கலேதான் முன்னால் நிற்கிறாள். ஸிகே அம்மாள் தீர்த்தம் கொஞ்சம் தாமதமாக வேலை செய்தது என்று வளவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் வாதாடிக் களைத்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து நேராகக் காஷே மெக்கூரியாவின் அடுக்குக் கட்டடத்துக்குப் போனோம். அவர் கோட்டுப் போட்டுக் கீழேயே நின்றிருந்தார். முன்சீட்டில் மெதுவாக ஏறி, போனை உற்றுப் பார்த்தார். நடந்ததெல்லாம் அவருக்குச் சொல்லியாகிவிட்டது.

"அப்ப நான் இப்ப எங்க இருக்கேன்?"

"புவனோஸ் ஐரெஸ்ல, காஷே."

"ரயில்ல சிக்னல் பாத்தவன் நான், இவ்வளவு தூரம் எந்த வண்டியும் போனதில்ல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "அங்க மெஷின் வரிசை எப்படியாம்? கொறச்சலா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளு. போன் அங்கதான இருக்கு."

"காஷே, மணி ரெண்டரை. வாயை மூடிக்கிட்டு பெல்ட்டப் போடுங்க," என்றாள் அஸ்கலே, வண்டியை எடுத்தபடி.